புதிய ஃப்ளூ பரவுகிறதாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுவகைக் காய்ச்சல் என்று ஒரு வரிச் செய்தி வந்தால் போதும், மறுநாள் மருந்துக்கடைகளில் மாஸ்க் இருக்காது. நான்கு நாள் கழித்து ஆன்டிவைரல் மாத்திரையும் இருக்காது. அதே சமயம், உண்மையிலேயே காய்ச்சல் வந்த வீட்டில் குழந்தைக்கு எத்தனை மில்லி மருந்து ஊற்றுவது என்று தெரியாமல் யாரோ பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீழே உள்ள பதில்கள் எந்தப் புதிய இன்ஃப்ளுயன்சா பரவினாலும் பொருந்தும். எண்கள் வரும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வருஷா வருஷம் ஃப்ளூ வருகிறதே, இதில் ‘புதிது’ என்பது என்ன?

இன்ஃப்ளுயன்சாவில் ஏ, பி, சி, டி என நான்கு வகை. உலகம் முழுக்கப் பரவும் பெருந்தொற்றை இதுவரை உண்டாக்கியது ஏ வகை மட்டுமே. அதன் மரபணு ஒரே இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. எல்லாச் சங்கடமும் இந்த எட்டுத் துண்டில்தான்.

சாதாரணமாக, வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது சின்னச் சின்ன எழுத்துப்பிழைகள் விழும். அதனால்தான் ஆண்டுதோறும் தடுப்பூசியை மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு வெவ்வேறு ஃப்ளூ வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்துவிட்டால் துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும். பறவையின் வைரஸும் மனிதரின் வைரஸும் பன்றியின் உடலில் சந்திக்க முடியும். 2009-இல் பரவிய வைரஸில் பன்றி, பறவை, மனிதர் ஆகிய மூன்று வழியிலும் வந்த துண்டுகள் கலந்திருந்தன. இப்படி உருவான ஒன்றைப் பெரும்பாலான மனித உடல்கள் முன்பு பார்த்திருக்காது. ‘புதிது’ என்றால் அவ்வளவுதான் பொருள். கொடியது என்று பொருள் இல்லை. கொடியது அல்ல என்றும் பொருள் இல்லை.

எச்1என்1, எச்5என்1... எண் கூடினால் ஆபத்தும் கூடுமா?

கூடாது. எச், என் இரண்டும் வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் இரு புரதங்களின் பெயர்ச்சுருக்கம். எண் என்பது அந்தப் புரதம் எந்த வகை என்று சொல்லும் அடையாளம். 1918-இல் சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணிக்கப்படுவதும் எச்1என்1. 2009-இல் வந்து, பெரும்பாலோருக்குச் சாதாரணக் காய்ச்சலாக முடிந்ததும் எச்1என்1. அந்த 2009 வைரஸின் வாரிசு இன்று வழக்கமான பருவகால ஃப்ளூவில் ஒன்றாகிவிட்டது.

ஊர்ப்பெயர்களையும் நம்ப வேண்டாம். 1918 காய்ச்சல் ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’ ஆனது அது ஸ்பெயினில் தோன்றியதால் அல்ல. உலகப் போரில் சண்டையிட்ட நாடுகள் பத்திரிகைகளைத் தணிக்கை செய்தன. நடுநிலை வகித்த ஸ்பெயினின் பத்திரிகைகள் உண்மையை அச்சிட்டன. சொன்னவன் தலையில் பழி விழுந்த கதை. இதுபோன்ற காரணங்களால், புதிய நோய்களுக்கு ஊர், விலங்கு, இனப் பெயர்களை வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கேட்டுக்கொண்டது.

‘நூறு பேரில் பத்துப் பேர் இறந்துவிட்டார்கள்’ என்கிறது செய்தி. அப்படியென்றால் பத்தில் ஒருவர் சாவாரா?

அதிகம் பயமுறுத்துவதும் அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இந்த எண்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நகரத்தில் 10,000 பேருக்குப் புதிய ஃப்ளூ வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8,000 பேர் இரண்டு நாள் படுத்து எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். 1,900 பேர் ஏதோ ஒரு கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டார்கள், யாரும் சோதிக்கவில்லை. மோசமான 100 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். சோதனை அவர்களுக்குத்தான் நடந்தது. அதில் 10 பேர் இறந்தார்கள். அறிக்கையில் ‘உறுதிசெய்யப்பட்ட 100, இறப்பு 10’ என்று வரும். 10 விழுக்காடு. உண்மையோ 10,000-க்கு 10, அதாவது 0.1 விழுக்காடு. மேலே இருக்கும் எண் சரி, கீழே இருக்கும் எண் காணாமல் போய்விட்டது.

எனவே முதல் சில வாரங்களின் இறப்பு விகிதம் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். ஆனால் உடனே நிம்மதிப் பெருமூச்சு விடவும் முடியாது, ஏனென்றால் பிழை எதிர்ப்பக்கமும் நடக்கும். இன்று மருத்துவமனையில் இருப்பவர்களில் சிலர் இரண்டு வாரம் கழித்து இறக்கலாம். அவர்கள் இன்றைய கணக்கில் இல்லை. சோதனை செய்யப்படாமலே இறப்பவர்களும் உண்டு. 2009 பெருந்தொற்றில் ஆய்வகம் உறுதிசெய்த இறப்புகள் சுமார் 18,500. பின்னால் வந்த மதிப்பீடு, முதல் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்திலிருந்து ஐந்தே முக்கால் லட்சம் வரை இருக்கலாம் என்றது.

செய்தியில் விகிதம் வந்தால் மூன்றைத் தேடுங்கள்: யாரைச் சோதித்தார்கள், மருத்துவமனைக்கு வந்தவர்களையா, ஊரில் எல்லோரையுமா? இறந்தவர்களின் வயது என்ன? அவர்களுக்கு வேறு நோய் இருந்ததா? இவை இல்லாத விகிதத்தை வைத்து வீட்டில் எந்த முடிவும் எடுக்க முடியாது.

பறவைக்காய்ச்சல் வந்தவர்களில் பாதிப்பேர் இறக்கிறார்கள் என்பது உண்மையா?

பறவைக்காய்ச்சல் வைரஸான எச்5என்1 முதன்முதலில் மனிதர்களிடம் கண்டறியப்பட்டது 1997-இல், ஹாங்காங்கில். 18 பேர் நோயுற்றார்கள், 6 பேர் இறந்தார்கள். 2003-க்குப் பிறகு உலகம் முழுவதும் பதிவானவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தார்கள். இலேசாக வந்து போனவை பதிவாகாததால் இந்த விகிதமும் மேலே சொன்ன கணக்கில் அடிபடும். இருந்தாலும் அது கொடிய வைரஸ்தான்.

இத்தனை ஆண்டாகியும் எண்ணிக்கை ஏன் ஏறத்தாழ ஆயிரத்திலேயே நிற்கிறது என்பதுதான் முக்கியம். பறவை வைரஸ்கள் ஒட்டிக்கொள்ளும் பிடிமானம் மனிதரின் நுரையீரல் ஆழத்தில் அதிகம். மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. ஆழத்தில் பிடித்தால் நிமோனியா கடுமையாக இருக்கும், ஆனால் இருமலில் எளிதாக வெளியே வராது. கடுமையும் பரவாத தன்மையும் ஒரே காரணத்தால் வருபவை. மூக்கிலும் தொண்டையிலும் நன்றாகப் பிடிக்கும் திறன் வந்து, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவுகிறது என்று செய்தி வந்தால் அன்று கதை வேறு. விஞ்ஞானிகள் அதைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘பெருந்தொற்று’ என்று அறிவித்துவிட்டால்?

அந்தச் சொல் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு கடுமையானது என்பதை அல்ல. 2009 ஜூன் 11-இல் அறிவித்தார்கள், 2010 ஆகஸ்ட் 10-இல் முடிந்தது என்றார்கள். அறிவிப்பு வந்த நாளில் வைரஸ் எதுவும் மாறிவிடவில்லை.

எவ்வளவு வேகமாகப் பரவும்?

தட்டம்மை வந்த ஒருவர், எதிர்ப்புசக்தி இல்லாத கூட்டத்தில், 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். ஃப்ளூவில் இது ஒன்றரைப் பேர் சுமார். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஃப்ளூ அடுத்தவருக்குத் தாவ ஏறத்தாழ மூன்றே நாள் போதும். மாதத்துக்குப் பத்துத் தாவல். ஒன்றில் தொடங்கி ஒன்றரையால் பத்துமுறை பெருக்கினால் சுமார் 58 வரும்.

இப்போது எல்லோரும் சேர்ந்து நெருக்கத்தை ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்தால், ஒன்றரை 1.2 ஆகும். அதனால் பத்துமுறை பெருக்கினால் சுமார் 6. காய்ச்சலோடு ஆபீசுக்கு வராதே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல்தான். அரைகுறையாகச் செய்தாலும் பலன் உண்டு.

எப்படித் தொற்றும்? எத்தனை நாள் மற்றவருக்குக் கொடுக்கலாம்?

இருமல், தும்மல், பேச்சு ஆகியவற்றில் தெறிக்கும் துளிகள் ஒரு வழி. மூடிய அறையில் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் இன்னொன்று. கை வழியாக மூக்கு, கண், வாய் மூன்றாவது. வழவழப்பான பரப்பில் வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கலாம், துணியில் 8 முதல் 12 மணி நேரம். கையில் சில நிமிடங்களே.

தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 1 முதல் 4 நாள், பெரும்பாலும் 2 நாள். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவோம்; பிறகு 5 முதல் 7 நாள் வரை பரப்புவோம். முதல் மூன்று நாள்தான் உச்சம். சிறு குழந்தைகளும் எதிர்ப்புசக்தி குறைந்தவர்களும் இன்னும் அதிக நாள் பரப்பக்கூடும்.

சாதாரணச் சளியா, ஃப்ளூவா? எப்படித் தெரியும்?

சளி மெல்ல வரும்: முதலில் தொண்டைக் கரகரப்பு, மறுநாள் மூக்கொழுகல். ஃப்ளூ அடித்துப் போட்டதுபோல் வரும். ‘எப்போது ஆரம்பித்தது’ என்று கேட்டால் ‘நேற்று மதியம் மூன்று மணிக்கு’ என்று நேரம் சொல்வார்கள். குளிர்நடுக்கம், தலைவலி, கண்ணை அசைத்தால் வலி, கைகால் உடைச்சல், வறட்டு இருமல். இரண்டு விதிவிலக்குகள்: முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் சோர்வும் மந்தமும் குழப்பமும் மட்டும் வரலாம், குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரலாம். கோவிட்டையும் ஃப்ளூவையும் அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

ஆரோக்கியமானவர், வீட்டிலேயே சமாளிக்கிறார் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறும் என்றால் தேவை.

15 நிமிடத்தில் முடிவு சொல்லும் ராப்பிட் டெஸ்டில் ‘பாசிட்டிவ்’ வந்தால் நம்பலாம். ‘நெகட்டிவ்’ வந்தால் நம்ப முடியாது, ஏனென்றால் உண்மையில் ஃப்ளூ உள்ளவர்களில் மூன்றில் ஒருவரைக்கூட அது தவறவிடலாம். பிசிஆர் நுட்பமானது. எதுவானாலும் முதல் மூன்று நான்கு நாளுக்குள், மூக்கின் உட்புறத்தில் சரியாக எடுத்த மாதிரி வேண்டும். நாசித்துவாரத்தின் முனையில் பஞ்சுக்குச்சியை ஒற்றி எடுத்தால் எந்தக் கருவியாலும் பயனில்லை.

‘புதிய’ வகையா என்பதைப் பக்கத்துக் கிளினிக்கில் சொல்ல முடியாது. பிசிஆரில் ஏ வகை என்று தெரிந்து, வழக்கமான துணைவகை எதிலும் பொருந்தாவிட்டால் மாதிரி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். அதற்கு நாட்கள் ஆகும். நோயாளி மோசமாக இருந்தால் முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது.

வீட்டில் காய்ச்சலுக்கு என்ன, எவ்வளவு கொடுப்பது?

பாரசிட்டமால். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, 4 முதல் 6 மணி நேர இடைவெளியில். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினம் மது அருந்துபவர்கள், மிகவும் ஒல்லியானவர்களுக்கு அளவு இதைவிடக் குறைவு. மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். தவறு நடக்கும் இடம்: காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு இன்னொன்று, உடம்புவலிக்கு மூன்றாவது. மூன்றின் அட்டையையும் திருப்பிப் பாருங்கள், மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கலாம்.

குழந்தைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு. 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் கொடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று எழுதிய சிரப்பில் அது 3 மில்லி. 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றால் 6 மில்லிக்குச் சற்று மேல். 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. அந்தச் சொட்டு மருந்தை ‘எப்போதும் போல ஒரு ஸ்பூன்’ என்று 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும், மூன்று மடங்குக்கு மேல். பாட்டில் மாறினால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். மருந்தோடு வரும் அளவுமூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ போதும்.

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஃப்ளூவின்போது ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரைஸ் நோய்க்குறி என்ற அபூர்வமான, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய சிக்கலோடு அதற்குத் தொடர்பு உண்டு.

காய்ச்சலை முழுக்க இறக்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. 38.5 டிகிரி செல்சியசில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் தெர்மாமீட்டருக்கு வைத்தியம் செய்ய வேண்டாம்.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார்களே?

இரண்டு மூன்று நாள் சாப்பாடு குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. சிறுநீரின் நிறம்தான் அளவுகோல்: வெளிர்மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்திருந்தால் போதவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் ஓஆர்எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வாந்தி எடுக்கும் குழந்தைக்கு டம்ளரோடு கொடுத்தால் திரும்பி வந்துவிடும். 10 நிமிடம் விட்டு, பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

இந்தப் பதிலை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெரியவர்களில்: மூச்சுவாங்குவது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் நிறுத்தி நிறுத்திப் பேசுவது, நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்வது, குழப்பம், எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு. குழந்தைகளில்: பால் குடிக்க முடியாமை, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, விழித்திருக்கும்போதும் துவண்டு கிடப்பது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றாலே, வேறு எதுவும் பார்க்காமல், மருத்துவர்.

குழந்தையின் மூச்சை எண்ணும் விதம்: தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறுவதை ஒன்று என்று எண்ணுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழு 60 விநாடி. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது தவறாகப் போகும், ஏனென்றால் கைக்குழந்தைகள் சீராக மூச்சுவிடுவதில்லை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது மேல், 2 முதல் 11 மாதம் வரை 50 அல்லது மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. அழும்போது எண்ணியது செல்லாது.

பலர் கோட்டைவிடும் ஓர் அடையாளம் உண்டு. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது, எழுந்து உட்கார்ந்தார், ஆறாம் நாள் மறுபடி காய்ச்சல், இப்போது சளி நிறம் மாறியிருக்கிறது, பக்கவாட்டில் குத்துகிறது. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா குடியேறிவிட்டது என்பதற்கு இது அடையாளம். ‘அதே காய்ச்சல்தான், இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். 1918-இல் இறந்தவர்களில் மிகப் பலரைக் கொன்றது இப்படி வந்த பாக்டீரியா நிமோனியாதான். அன்று ஆன்டிபயாடிக் இல்லை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பலாமா?

சரியாக வைத்தால் நம்பலாம். நகப்பூச்சை அழித்து, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கையை அசைக்காமல் ஒரு நிமிடம். முதலில் தோன்றும் எண்ணை விட்டுவிட்டு, நிலைத்து நிற்கும் எண்ணைக் குறியுங்கள். ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள். 90-ஐ எட்டினால் அவசரம். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு வழக்கமான அளவே குறைவாக இருக்கும். அவர்களுக்கு எல்லை வேறு. கருமையான தோலில் கருவி சற்று அதிகமாகக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எண் 96 என்றிருந்தும் ஆள் மூச்சுவாங்கினால் ஆளை நம்புங்கள், கருவியை அல்ல.

ஆன்டிவைரல் மாத்திரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஃப்ளூவுக்கான ஆன்டிவைரல் மருந்தான ஓசெல்டாமிவிர், வைரஸ் செல்லிலிருந்து வெளியேறுவதைத் தடுக்கிறது. அதனால்தான் முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால் பலன் அதிகம். வைரஸ் எங்கும் பரவிய பிறகு தடுக்க அதிகம் மிச்சமில்லை. வழக்கமான அளவு பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை, 5 நாள். குழந்தைகளுக்கு எடைப்படி. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் குறைக்க வேண்டும். குமட்டல் வரும், சாப்பாட்டோடு எடுத்தால் குறையும்.

ஆரோக்கியமான ஒருவருக்கு அது நோயை ஏறத்தாழ ஒரு நாள் சுருக்கும். அவ்வளவுதான். ஆனால் கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், இரண்டு வயதுக்குட்பட்டவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய, சிறுநீரக நோயாளிகள், எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், மிகுந்த உடல்பருமன் உள்ளவர்கள் ஆகியோர் அறிகுறி வந்த அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். டெஸ்ட் முடிவு வரட்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்தால் அந்த 48 மணி நேரம் போய்விடும். மருத்துவமனையில் சேரும் அளவு மோசமானவர்களுக்கு அதைத் தாண்டியும் கொடுப்பார்கள்.

பீரோவில் பதுக்கிய மாத்திரை தேவைப்படுபவருக்குக் கிடைக்காமல் போகிறது, பதுக்கியவருக்கோ தொடங்கும் நேரமும் அளவும் தப்பிப்போகிறது.

ஆன்டிபயாடிக்?

வைரஸுக்கு வேலை செய்யாது. மேலே சொன்ன இரண்டாம் சுற்றுக் காய்ச்சல் போன்ற நிலையில் மருத்துவர் சொன்னால் மட்டும்.

போன வருடம் போட்ட ஃப்ளூ ஊசி இதற்கு உதவுமா?

முற்றிலும் புதிய வகைக்குப் பெரிதாக உதவாது. ஆனாலும் போட்டுக்கொள்வதில் அர்த்தம் உண்டு: பழைய ஃப்ளூவும் புதியதும் ஒரே நேரத்தில் ஓர் உடலில் சேரும் வாய்ப்பு குறையும்.

புதிய வகைக்கான ஊசி வர மாதங்களாகும். வழக்கமான ஊசிக்கே வட, தென் அரைக்கோளங்களுக்கென உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை வைரஸ்களைத் தேர்ந்தெடுத்து, அதன்பின் சுமார் ஆறு மாதம் தயாரிப்பு நடக்கிறது; பெரும்பகுதி இன்னும் கோழிமுட்டைக்குள் வைரஸை வளர்த்துத்தான். நன்றாகப் பொருந்திய ஆண்டில் மருத்துவரிடம் போகுமளவு நோய் வரும் வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடு குறைக்கும். எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். முதன்முறை போடும் 6 மாதம் முதல் 8 வயது வரையிலான குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

ஊசி போட்டால் ஃப்ளூ வரும் என்பது தவறு. ஊசியில் செலுத்துவதில் உயிருள்ள வைரஸ் இல்லை. கைவலியும் ஒரு நாள் உடம்புவலியும் வரலாம். பயத்துக்கு வரலாற்றுக் காரணம் ஒன்று இருப்பதை மறைக்க வேண்டியதில்லை: 1976-இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் அச்சத்தில் சுமார் 4.5 கோடிப் பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு லட்சத்தில் ஒருவர் அளவுக்குக் கில்லன்-பாரே என்னும், கைகால்களைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் கூடுதலாக வந்தது. அஞ்சிய பெருந்தொற்றோ வரவேயில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஃப்ளூ ஊசியிலும் இதைத் தனியாகக் கண்காணிக்கிறார்கள்.

மாஸ்க் எது? எப்படி?

நோயாளி போடுவதே முதல் பலன்: துளி கிளம்பும் இடத்திலேயே நிற்கும். அவருக்குச் சர்ஜிக்கல் மாஸ்க் போதும். பக்கத்தில் இருந்து கவனிப்பவருக்கு என்95 நல்லது, ஆனால் முகத்தோடு ஒட்டினால்தான் அது என்95. போட்ட பிறகு இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள்; கண்ணருகே காற்று அடித்தால் மூக்குக்கம்பியைச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் ஒட்டாது. வால்வு வைத்தவை போட்டவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். ஈரமானால் மாற்ற வேண்டும். கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல் நாடாவைப் பிடித்து எடுத்து, உடனே கை கழுவுங்கள். தாடையில் தொங்கும் மாஸ்க், கழுத்துக்குத்தான் பாதுகாப்பு.

சானிடைசர், ப்ளீச்?

சோப்புத் தண்ணீரில் 20 விநாடி போதும். கட்டைவிரலும் விரல்நுனியும்தான் எப்போதும் விட்டுப்போகும். சானிடைசர் என்றால் ஆல்கஹால் 60 விழுக்காட்டுக்கு மேல். ‘நூறு விழுக்காடு’ இன்னும் நல்லது என்று தேட வேண்டாம். புரதத்தைச் சிதைக்க நீரும் வேண்டும், அதனால் 70, 80-தான் நன்றாக வேலை செய்யும்.

பரப்புகளுக்கு 5 விழுக்காடு ப்ளீச் திரவத்தில் 20 மில்லி எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.1 விழுக்காடு வரும். அழுக்கை முதலில் சோப்பால் துடைத்துவிட்டு, இதைத் தடவிப் பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். உடனே துடைத்துவிட்டால் வேலை நடக்காது. தினமும் புதிதாகக் கலக்குங்கள். கழிப்பறை ஆசிட்டோடும் அமோனியா கலந்த கிளீனரோடும் சேர்க்காதீர்கள். கிளம்பும் வாயு நுரையீரலைக் கருக்கும். ஃப்ளூவுக்குப் பயந்து அதைவிட மோசமானதை வரவழைத்துக்கொள்ளும் வழி இது.

தனி அறை இல்லாத வீட்டில் என்ன செய்வது?

நோயாளியை ஜன்னலோரம் படுக்க வையுங்கள். முடிந்தால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று ஓட விடுங்கள். மின்விசிறி அவரிடமிருந்து மற்றவர்கள் பக்கம் வீசக் கூடாது, வெளியே தள்ள வேண்டும். தலைமாட்டுக்குத் தலைமாடு படுக்காமல், ஒருவர் தலைப்பக்கம் மற்றவர் கால் வருமாறு படுத்தாலே ஓர் ஆள் நீளம் இடைவெளி கிடைக்கும். கவனிப்பது ஒருவராக இருக்கட்டும், அவர் கர்ப்பிணியோ முதியவரோ ஆஸ்துமாக்காரரோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தையும் துணியையும் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கோழி, முட்டை, பன்றி இறைச்சி, பால் சாப்பிடலாமா?

உட்புறம் 70 டிகிரி செல்சியசைத் தொடும்படி வெந்திருந்தால் சாப்பிடலாம். இறைச்சியின் நடுவில் இளஞ்சிவப்பும் முட்டையில் ஓடும் மஞ்சள்கருவும் இருக்கக் கூடாது. ஆபத்து தட்டில் அல்ல, அதற்கு முன்னால்: உயிருள்ள நோயுற்ற பறவையைப் பிடிப்பது, அறுப்பது, இறகு பறிப்பது. 2024-இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பரவியபோது காய்ச்சாத பாலில் வைரஸ் ஏராளமாக இருந்தது. பாஸ்டரைஸ் செய்வது அதைச் செயலிழக்க வைக்கிறது. செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் எடுக்காதீர்கள்.

ஆவி பிடித்தால் வைரஸ் சாகுமா?

சாகாது. மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் அதிகம், எனவே குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

தாய்க்கு ஃப்ளூ இருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். பால் வழியாக ஃப்ளூ பரவுவதில்லை. அதிலுள்ள எதிர்ப்புப்பொருள் குழந்தைக்கு உதவும். மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுக் கொடுங்கள். எழ முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சி, நலமாக இருக்கும் ஒருவர் ஊட்டலாம்.

எப்போது வேலைக்கும் பள்ளிக்கும் திரும்பலாம்?

காய்ச்சல் மாத்திரை எதுவும் போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு. காலையில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிய பிள்ளைக்கு மதியம் வகுப்பில் காய்ச்சல் திரும்பும். அதற்குள் பக்கத்து பெஞ்சுக்குக் கொடுத்திருக்கும். திரும்பிய பிறகும் சில நாள் மாஸ்க் போடுவது நல்லது. இருமலும் அசதியும் இரண்டு வாரத்துக்கு மேல்கூட இழுக்கும். அது மட்டும் இருந்தால் வீட்டில் அடைந்திருக்கத் தேவையில்லை. மூன்று வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றாலோ சளியில் இரத்தம் தெரிந்தாலோ நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.